பம்பு அறையில் ஒரு தேர்வு

"பொண்ணுங்களுக்கு மெக்கானிக்கல் ஒத்து வருமாண்ணே? நீங்க சரின்னா சேர்க்கறேன். வேண்டாம்னா காமர்ஸ் படிக்கட்டும். உங்க வார்த்தைதான் முடிவு, இவளும் ஒத்துக்கிட்டா" என்று பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினான் தம்பி.

அண்ணன் அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கே தலைவர். தலை நரைக்கும்வரை இயந்திரங்களோடு குப்பை கொட்டியவர்.

"பொண்ணு என்ன, பையன் என்னடா? இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. காது இருக்கணும், அவ்வளவுதான்."

தம்பி மகளின் முகம் மலர்ந்தது.

"கையும் சும்மா இருக்காதுண்ணே. ஃபேன் முனகினாக் கழட்டிடுவா. திருப்பி மாட்டினா ரெண்டு ஸ்குரூ மிஞ்சும்."

"இப்ப முனகலையேப்பா" என்றாள் அவள்.

அண்ணன் சிரித்தபடி இருவரையும் பம்பு அறைக்கு அழைத்துப்போனார். ஒரே மாதிரியான மூன்று பம்புகள் இரைந்துகொண்டிருந்தன. நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

"முனையை பேரிங் மேல வை. பிடியைக் காதோட ஒட்டிக்கோ. உள்ள நடக்கறது கேட்கும். எது சரியில்லைன்னு சொல்லு, பார்ப்போம்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். மறுபடி முதலில் இருந்து கேட்டாள்.

"நடுவுல இருக்கறது, பெரியப்பா. உள்ள மணலை அரைக்கற மாதிரி இருக்கு."

அவரும் குனிந்து வெகுநேரம் கேட்டார்.

"மூணும் நல்லா இருக்கும்மா."

அவள் ஸ்குரூடிரைவரை மறுபடி நடு பம்பின் பக்கம் நீட்டினாள். "இன்னொரு தடவை கேட்கட்டுமா?"

"எத்தனை தடவை கேட்டாலும் அதே காதுதானே? நல்லா ஓடறதைக் கோளாறுன்னு சொன்னா, ஆலையையே வெட்டியா நிறுத்திடுவே. தப்பா எடுத்துக்காதே. கூடப் பொறந்தவன் பொண்ணுங்கறதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

"முகத்துக்கு நேரா சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்" என்ற தம்பி, மகள் பக்கம் திரும்பினான். "கேட்டுக்கிட்டியா? பெரிய இவளாட்டம் குதிச்சியே."

அவள் ஸ்குரூடிரைவரை எடுத்த இடத்திலேயே வைத்தாள். விரலில் ஒட்டிய கிரீஸைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தபடி அப்பாவின் பின்னால் நடந்தாள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும், அதுவரை மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பம்பு ஆபரேட்டர் பக்கத்தில் வந்தார்.

"சார், புது பேரிங் வந்தாச்சு. நடு பம்பை நிறுத்திடவா?"

"நிறுத்துப்பா."

ஆபரேட்டர் நகரவில்லை. "அப்ப பாப்பா சரியாத்தானே சொல்லிச்சு சார்?"

அண்ணன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து என் பையனையும் இதே இடத்துல நிக்க வச்சேன். மூணும் நல்லா இருக்குன்னான். அவனுக்கு மெக்கானிக்கல்ல சீட் வாங்கியாச்சு. பக்கத்துல இவளும் வந்து உட்கார்ந்தா, அவனை எவன்யா மதிப்பான்?"