பதினைந்து நிமிடம்

அந்தப் பெண்ணின் கூந்தலிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததைச் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார்கள்; நர்சின் கண் அந்த ஈரத்தில் நின்றது.

“குளிச்சிட்டியாம்மா?”

முத்துமாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பியவளை ஓடைப் பக்கம் இழுத்துப் போனவன் அதே தெருக்காரன்.

அம்மா பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள்.

“நாந்தான் நர்சம்மா குளிப்பாட்டுனேன். சோப்புப் போட்டு, கால் மணி நேரம் தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுனேன். துணியையும் அலசிப் போட்டுட்டேன். நாய் கடிச்சா அப்படித்தான செய்யச் சொன்னீக?”

நர்ஸ் சொன்னாள்தான்.

புதன்கிழமை தோறும் அங்கன்வாடியில் தொண்டை வற்றச் சொன்னாள். நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள். சுகாதார நிலையச் சுவரில் கொசுவுக்குப் படம் உண்டு. காசநோய்க்கு உண்டு.

இதற்கு இல்லை. இதைப் பற்றிப் பதினெட்டு வருடமாக அவளும் பேசியதில்லை.

பாவி, ஏன் பேசாமல் இருந்தேன்?

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனாள். டாக்டரம்மா மருந்து கொடுத்தார். கழுவியதில் போனது போக, தடயமாக எடுக்க முடிந்ததை எடுத்தார். ஏன் குளிப்பாட்டினீர்கள் என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

அழக்கூட இல்லை அந்த மனுஷி.

அடுத்த புதன்கிழமை. தடுப்பூசி போட்டு முடிந்தது. நர்ஸ் நாய்க்கடி வரை வந்தாள். அதோடு நிறுத்துவதுதான் வழக்கம்.

“இன்னொன்னு இருக்கு” என்றாள். “ஒரு பொண்ணை யாராவது பலவந்தம் பண்ணிட்டா, குளிக்காம, துணி மாத்தாம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. குளிச்சிருந்தாலும் வாங்க. பையனைப் பெத்தவங்களும் கேளுங்க, வீட்ல போய் அவங்கிட்டப் பேசுங்க…”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“பச்சைப் பிள்ளைக இருக்கிற இடத்துல இதெல்லாம் எதுக்கு சிஸ்டர்?” என்றார் அங்கன்வாடி டீச்சர்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தி மறுபடி ஆரம்பித்தாள்.

“சத்தமாச் சொல்லுங்க நர்சம்மா. பின்னால கேக்கல.”

கடைசி வரிசையில் பேச்சியம்மாள். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.