பதினேழு இடத்துக்கும் ஒரே சாட்சி

"கோயில் எங்க இருக்குன்னு சொல்றதுக்கு டோபி பொன்னுதுரைதான் சாட்சியா? கமிட்டித் தலைவன்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

மாணிக்கவாசகம் சர்வே ஆபீசுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் அது, 1958. மலாக்கா டவுனுக்குப் புது வரைபடம் போடுவதற்காக, சர்வேயர் தேவதாஸ் ஒரு மாதமாக அங்கே காஜா பெராங் பகுதியில் முக்காலிக் கருவியோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

கோயில், பள்ளிவாசல், பாலம், பொதுக் கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டு எழுதுவார். 'இந்த இடத்தின் பெயர் இதுதான்' என்று, அங்கே நெடுநாள் குடியிருப்பவர் ஒருவர் கீழே கையெழுத்துப் போடவேண்டும்.

ஊரில் பெரிய மனிதர்களுக்கா பஞ்சம்? பதினேழு இடத்துக்கும் தேவதாஸ் கூப்பிட்டது துணி வெளுக்கும் பொன்னுதுரையை! சர்வேயர் சட்டைக்கெல்லாம் ஓசி இஸ்திரியாம் என்று ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா?

"உட்காருங்க ஐயா," என்றார் தேவதாஸ்.

"உட்கார வரல. அவனே குடியுரிமைக்கு நாயா அலையறான். திங்கக்கிழமை அதிகாரி முன்னால நிக்கணும். இத்தனை வருஷம் இங்க இருந்ததுக்குக் கையில ஒரு காயிதம் கிடையாது. பழைய அடையாளக் கார்டு வெள்ளத்துல போச்சு. புதுக் கார்டுல போன வருஷத் தேதி. பொண்டாட்டி புள்ளையோட கப்பலேத்தினாலும் ஏத்திருவாங்க. அவன் நம்ம ஊருக்குச் சாட்சியா?"

"அவர் எத்தனை வருஷமா இங்க இருக்கார்?"

"இருபத்திரண்டு வருஷம்! ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாலேருந்து எங்க வீட்டுத் துணியே அவன்தானே வெளுக்கிறான்."

"அதை ஒரு கடிதமா எழுதித் தரச் சொல்லி உங்ககிட்ட வந்தாராமே?"

மாணிக்கவாசகத்தின் குரல் இறங்கியது.

"வந்தான்... நாலஞ்சு வாட்டி வந்தான். கவர்மெண்ட் காரியம்லா. நாளைக்கு ஏதாச்சும் வில்லங்கம் வந்தா யாரு பதில் சொல்றது? அப்புறம் பார்க்கலாம்னேன்."

தேவதாஸ் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

'சாட்சி: பொன்னுதுரை, சலவைத் தொழில். காஜா பெராங்கில் 1936 முதல் குடியிருப்பு. விசாரித்து உறுதி செய்தேன்.' கீழே பொன்னுதுரையின் கையெழுத்து, அதற்கும் கீழே தேவதாஸின் கையெழுத்து. அதன் மேல் அரசாங்க முத்திரை.

அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த பக்கத்திலும்.

"வீடு வீடா விசாரிச்சுட்டுத்தான் எழுதினேன். இதுல ஒரு எழுத்துப் பொய் இல்ல. ஒரு பக்கம்னா அதிகாரி தள்ளிருவார். பதினேழு பக்கத்தைத் தள்ள முடியாது. திங்கக்கிழமை இந்தப் புத்தகத்தோட நானே அவர்கூடப் போறேன்."

தேவதாஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க பேரு கோயில் வாசல்ல கல்லுலேயே இருக்கு ஐயா. அவர் பேரு இந்த ஊர்ல எங்கயும் இல்ல."

மாணிக்கவாசகம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, தான் செய்யவேண்டியதை யாரோ ஒரு மனிதர் செய்துவிட்டாரே என்ற நன்றியில் அவருக்குக் கண் கலங்கியது.

"நல்லா இருப்பீங்க தம்பி," என்றார். பிறகு, "இன்னும் ஏதாச்சும் இடம் பாக்கி இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. உங்க கமிட்டி மண்டபம். அதுக்கு மட்டும் உங்க கையெழுத்துன்னு வெச்சிருக்கேன்."

"என் கையெழுத்து எதுக்குத் தம்பி? எங்க வீட்டுல சமைக்கிற பூங்காவனத்தை அனுப்பறேன். பதினஞ்சு வருஷமா இங்கதான் இருக்கு. அதுக்கும் ஒரு காயிதம் கிடையாது."