கடல் பக்கத்து ரூம்

கோவளம் கடற்கரையில் ஜைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"அத்தா முன்னாடி எதுக்கும்மா முக்காடு? புதுப்பொண்ணா நீங்க?" துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மகன் சஃப்வான் கேலி செய்தான்.

"ஊர்ல, லப்பைக்குடிக்காட்டுல போட்ட சண்டையை இங்கயும் கொண்டாந்துட்டாங்க," என்ற மகள் பர்சானா, சாவியை அப்பா நசீருதீன் கையில் திணித்தாள். "உங்க கல்யாண நாளுக்குத்தான் அத்தா இந்த டூரே. கடல் பக்கத்து ரூம் உங்க ரெண்டு பேருக்கும்."

பிள்ளைகள் அலையை நோக்கி ஓடினார்கள்.

"புள்ளைங்க லீவு முடிஞ்சு போற வரைக்கும் சொல்ல வேணாம்னு பார்த்தேன்," என்றார் நசீருதீன்.

"ஜமாத்துல தலாக்காகிப் பிரிஞ்சு, மூணு மாச இத்தாவும் இருந்து முடிச்சுட்டேன். இப்ப நீங்க எனக்கு அந்நிய ஆம்பளை. ஒரே ரூமுல எப்படிங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் அலையிலிருந்து பர்சானா கத்தினாள்: "அத்தா! அம்மா பயப்படுறாங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க!"