மூன்று குமிழ்கள்

பதினோரு மணி ஆகியும் அப்பாவின் போன் அடிக்கவில்லை.

லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அப்பா போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது.

"உயிரோடதான் இருக்கு. கீழ வைங்கப்பா" என்றேன்.

வைத்தார். உடனே எடுத்தார்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சோதிப்பது நான். பின்னால் உட்கார்ந்து லென்ஸைப் பொருத்துவது அப்பா. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பின் குமிழ்கள் மூன்றும் இருக்கும். குனிந்தால் கடகடக்கும். சில்லறையா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

அம்மாவுக்கு அடுப்பை அணைத்தோமா என்கிற சந்தேகம். அணைத்த அடுப்பின் முன்னால் மூன்று மணி நேரம் நின்று, குமிழை அழுத்தி அழுத்தி விரல் தோல் உரிந்துபோகிற சந்தேகம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் அவரே சமைத்து, ஃபிளாஸ்கில் வெந்நீரை ஊற்றி வைத்துவிட்டு, மூன்று குமிழ்களையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். திருகுவதற்கு ஒன்றுமே இல்லாத அடுப்பை யார் திறக்க முடியும்?

ஒரு வாரம் வீட்டில் நிம்மதி. பிறகு, குமிழ்கள் அப்பாவிடம்தான் இருக்கின்றனவா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

அம்மா போனில் கூப்பிடுவாள். அப்பா பையைக் குலுக்கிக் காட்டுவார். "மூணும் இங்கதான் இருக்கு. கேக்குதா?" கேட்கும். அடுத்த கால் மணியில் மறுபடி கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

அண்ணன் ஒருவன்தான் இதற்கு உடன்படவில்லை. நீங்கள் குலுக்கக் குலுக்க அந்த நோய் கொழுக்கத்தான் செய்யும் என்றான். குமிழ்கள் அப்பாவிடம்தான் இருக்கின்றன என்று ஒரு தடவை சொல்லச் சொல்லி அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறக்க மாட்டான். பெற்றவள் அழும்போது டிவி பார்க்கிற கல்நெஞ்சன் என்று அப்பா திட்டினார். பேச்சு முற்றி, அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருடமாக அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். அண்ணன் சொன்னதையேதான் அவரும் சொன்னார். என்ன, இவர் பீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் போனை எடுக்காதீர்கள். எத்தனை தடவை கூப்பிடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். போகப்போகக் குறையும்.

போன் அடிக்கும்போதெல்லாம் அப்பா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். நான் போனை டிராயரில் போட்டுப் பூட்டுவேன். மேஜைக்குள் அது அதிர்ந்துகொண்டே இருக்க, இந்த லென்ஸில் தெளிவாகத் தெரிகிறதா, அந்த லென்ஸிலா என்று எதிரில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் அம்மா தனியாக எப்படித் தவித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டாக்டர் சொன்னபடி குறைந்தது. இன்றைக்குப் பதினோரு மணி வரை ஒன்றுகூட இல்லை.

அப்பாவின் முகத்தை இப்படிப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைக்க மறந்துவிட்டார்.

"உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா" என்றார். "அவன் சொன்னதுதான் சரின்னு என் வாயால சொல்லணும்."

போட்டேன். யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் விட்டுப் போட்டேன். அப்போதும் பேசிக்கொண்டிருந்தான். துரைக்கு நம்மிடம் பேச எங்கே நேரம் என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு வருடக் கோபமும் கரைந்துபோயிருந்தது.

நான்காவது தடவை மணி போனது. ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. தூக்கத்தில் கேட்டால்கூட எனக்கு அடையாளம் தெரிகிற சத்தம். கூப்பிடுவது யார் என்று பார்க்காமலே, அலுத்துப்போன குரலில் அண்ணன் சொன்னான்.

"மூணும் இங்கதான் இருக்கும்மா. கேக்குதா?"

அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எங்கள் குமிழ்கள் மூன்றும் அங்கேதான் இருந்தன.

வேறு ஊரில் இருக்கிறவனிடம் நம் வீட்டுக் குமிழ்கள் எப்படிப் போயின என்று அம்மா யோசிக்காமலா இருந்திருப்பாள்? யோசித்திருப்பாள். அந்த நோய்க்குச் சத்தம் போதும்.

அப்பா போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். அதை ஓட விடவில்லை.

நான் நோட்டைப் பிரித்தேன். முதல் மூன்று வாரமும் நாற்பதுக்குக் கீழே எண் இறங்கவே இல்லை. அண்ணன் எந்த நாளில் கடைக்குப் போய் மூன்று குமிழ்கள் வாங்கியிருப்பான் என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பதினேழாம் தேதி, நாற்பத்திரண்டு. பதினெட்டாம் தேதி, ஒன்பது.

அந்த ஒன்பதைச் சுற்றி அப்பா சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.