எலி கம்ப்ளைன்ட் பண்ணாது

"ஏக்கா, எலி வந்து கம்ப்ளைன்ட் பண்ணப் போகுதாக்கும்?"

வீரணன் கத்தியே விட்டான். பின்னே? காலையிலிருந்து மெஷினில் பின்னிக் கொடுத்தது பதினோரு துண்டுத் துணி. எல்லாம் உள்ளங்கை அகலம்தான். பதினொன்றிலும் செக்கிங் பார்க்கிற அமராவதி சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்பு ஒட்டினால் அந்த இடத்தில் பழுது என்று அர்த்தம்.

"பின்னல்ல ஒரு கண்ணி விட்டிருக்குது தம்பி. வேற ஓட்டிக் குடு."

வேலம்பாளையத்து பனியன் கம்பெனியே சிரித்தது. எலிக்கு பனியன் போடுகிறானாம் வீரணன்!

விஷயம் இதுதான். கோயமுத்தூரில் ஆராய்ச்சி செய்யும் பிரிசில்லா மேடம் முந்தின நாள் ஒரு நூல்கண்டோடு வந்திருந்தார். சில குழந்தைகள் பிறக்கும்போதே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்குமாம். குடல் அது வழியாக மேலேறி நுரையீரலை அமுக்குமாம். இந்த நூலில் துணி பின்னி, அதன்மேல் உயிருள்ள செல்களை வளர்த்து, ஓட்டைக்கு ஒட்டுப் போடப் பார்க்கிறார்களாம். நூல் நாளடைவில் கரைந்துவிடும், சதை மட்டும் நிற்கும்.

"மூச்சு விடறப்ப எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடணுங்க. ஒரு கண்ணி விட்டாலும் அங்கதான் பிய்யும்," என்றார் மேடம். "மொதல்ல எலிக்கு வெச்சுப் பாப்போம். குழந்தைகளுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகுங்க."

எலி என்றதுமே வீரணனுக்கு அந்த வேலைமேல் இருந்த மரியாதை போய்விட்டது.

முதலாளியோ கறாராகச் சொல்லிவிட்டார். "அமராவதி ஒரு துண்டு பாஸ் பண்ணுனதும் நீ ஊருக்குக் கெளம்பிக்க."

கிளம்பியே ஆக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். விடிந்தால் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சீர்வரிசையோடு சொந்தக்காரர்கள் போகிற வேன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வாசலுக்கு வரும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று மச்சான் எச்சரித்திருந்தார்.

மணி ஐந்தே முக்கால். பன்னிரண்டாவது துண்டு இறங்கியது. ஓரத்தில் ஒரு கண்ணி நழுவியிருந்தது.

வீரணன் சுற்றுமுற்றும் பார்த்தான். நழுவிய கண்ணியை ஊசியால் கோத்து இழுத்து, சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டான். பனியனில் தினமும் செய்கிற வேலைதானே!

அமராவதி விளக்கடியில் பிடித்தாள். இப்படி இழுத்தாள், அப்படி இழுத்தாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? அவள் கண்ணில் முடிச்சுப் படவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்குது தம்பி!" என்றவள், துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்பாடா என்றிருந்தது வீரணனுக்கு. வாய் சும்மா இருக்குமா?

"ஏக்கா, ஒரு டீ வாங்கிக் குடுத்தா பனியன்ல எருமை நுழையிற ஓட்டையவே பாஸ் பண்ணுவீக. எலின்னதும் எதுக்கு இந்தப் பாடு படுத்துனீக?"

"பனியன் கிழிஞ்சா வேற வாங்கிப் போட்டுக்கலாமில்ல?"

அமராவதி சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கூட்டுப் பையன் அந்த ஓட்டையோடதான் பொறந்தான் தம்பி. அப்பவே ஒரு பேட்ச் வெச்சுத் தச்சாங்க. வருசா வருசம் நானும் அவனுக்கு பனியன் சைஸ் மாத்திட்டே இருக்கறேன். முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் சைஸ்ல ஆரம்பிச்சு இப்ப அறுபது. உள்ள இருக்கற பேட்ச் மட்டும் பொறந்தப்ப வெச்ச அதே சைஸ். அது அவங்கூட வளர மாட்டேங்குது. ரெண்டு தடவ பிரிஞ்சு, மறுக்கா அறுத்துத் தச்சாங்க."

வீரணன் அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தான்.

"இவுங்க பண்றது சதையாவே வளருமாம். எம்பையனுக்கு ஒதவற நேரத்துக்குள்ள வருதோ இல்லியோ, வேற எந்தப் புள்ளைக்காச்சும் ஆகட்டும். நீ கெளம்பு கண்ணு, நேரமாச்சு."

வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. வீரணன் நகரவில்லை. அவள் மேஜையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து எடுத்தான். பாஸான துண்டில் அந்த முடிச்சைத் தேடிப் பிடித்து, அதற்கு நேராக ஒட்டினான்.

"அட, என்ன தம்பி பண்ற? நாந்தான் பாஸ் பண்ணிட்டேனே! வேன் போயிருமே!"

"போகட்டும்க்கா. மருமகன் காது எங்க போகப்போகுது? பின்னாடியே பஸ்ஸப் பிடிச்சுப் போய்க்கிறேன்."

வீரணன் மெஷினில் மறுபடி நூலைக் கோத்தான்.

"எலி வந்து கம்ப்ளைன்ட் பண்ணாதுல்லக்கா? அதான், நானே பண்றேன்."