முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

ஆங்கிலப் பயிற்சி வகுப்பின் ஜன்னலில் உட்கார்ந்தே முந்நூற்றுப் பன்னிரண்டு கடினமான சொற்களைக் கற்றுவிட்டது ஒரு மைனா. சித்திரை வெயிலில் அதற்கு நாக்கு வறண்டது. எதிர்வீட்டு மாடியில் பறவைகளுக்கு வைத்திருந்த சட்டியும் காய்ந்து கிடந்தது. மைனா கவலைப்படவில்லை. துணி உலர்த்த வந்த அம்மாளிடம், "மேடம், ஐ ஆம் எக்ஸ்ட்ரீம்லி டீஹைட்ரேட்டட்!" என்றது.

"என்னங்க, ஓடி வாங்க! மைனா இங்கிலீஷ் பேசுது!" அம்மாள் கைதட்டினாள், சட்டியைப் பார்க்கவில்லை. மைனா தனக்குத் தெரிந்ததில் இன்னும் ஒன்பது சொற்களை அவிழ்த்துவிட்டது. கைதட்டல்தான் பலத்தது.

"முடிஞ்சுதா அண்ணே?" என்று கேட்டபடி மாடிச் சுவரிலிருந்து இறங்கிய ஓர் அணில், வெறும் சட்டியைக் கடகடவென்று உருட்டியது.

"அடடா, தண்ணியே இல்லையே!" அம்மாள் குடத்தோடு வந்தாள்.

மைனா வயிறு முட்டக் குடித்தது. பிறகு, மறப்பதற்குள், முந்நூற்றுப் பதின்மூன்றாவதாக அந்தச் சட்டிச் சத்தத்தைச் சேர்த்துக்கொண்டது.