பதினேழாம் அறையின் ‘ஏன்’ அக்கா

பதினான்காம் கேள்வியை அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. ஏற்கெனவே இரண்டு முறை அவளைக் கவிழ்த்துவிட்ட பேப்பர். மாலைக் கல்லூரியின் விதிப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இதில் போனால் பட்டமும் போச்சு, ஐந்து வருஷப் பாடும் போச்சு.

காலையில் அவள் ஹாலுக்குள் நுழைந்தபோது நாலைந்து பிள்ளைகள் எழுந்து நின்று “குட் மார்னிங் மேடம்” என்றார்கள். அவள் நேராகப் போய் முப்பத்திரண்டாம் நம்பர் மேசையில் உட்கார்ந்ததும் அசடு வழிந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஹால் டிக்கெட்டோடு வந்தால் வேறென்ன நினைப்பார்கள், பாவம்!

கேள்வி என்னவோ நாலு வரிதான். ஒரு ஆல்கஹால், அதோடு ஹைட்ரஜன் புரோமைடு. புரோமின் எந்தக் கார்பனில் போய்ச் சேரும்? காரணத்தோடு விளக்குக. பத்து மதிப்பெண்.

ஆல்கஹாலின் ஓ.எச். கிளம்பிப்போன அதே இடத்தில் என்று கை தானாக எழுதப் போனது. போன தடவையும் இதே மாதிரி ஒரு கேள்விக்கு அப்படித்தான் எழுதி முட்டை வாங்கினாள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

பதினேழாம் நம்பர் அறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அடடா, என்ன மாதிரியான நாட்கள் அவை!

மகளிர் விடுதி, இரண்டாம் மாடி, ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டில் மேல் நெட்டை, ஜன்னல் பக்கம் கண்ணாடி, தரையில் சின்னது. பட்டப்பெயர்கள்தான். மூன்று பேரும் முதல் கெமிஸ்ட்ரி டெஸ்டில் ஊற்றிக்கொண்டவர்கள். அதிலும் கண்ணாடி நாற்பது வினைகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனவள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் திருதிருவென்று விழித்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் நெட்டை சட்டம் போட்டாள். புத்தகத்தை மூடு. வெறும் தாளில் அம்பு போட்டுக் காட்டு. பார்க்காமல் அக்காவுக்குச் சொல்லு. அக்கா தலையாட்டினால்தான் அடுத்த பக்கம்.

அக்கா என்றால் இவள்தான். அவர்களைவிட மூன்று வயது மூத்தவள். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், காது அவர்களிடம் இருக்கும். அம்பு எலக்ட்ரான் இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போகும் என்பார்கள். “ஏன்?” என்பாள். அதைச் சொன்னால் அதற்கும் ஒரு ஏன். மூன்றாவது ஏனில் எவளாவது ஒருத்தி மாட்டிக்கொள்வாள். மாட்டியது தப்பு நோட்டுக்குப் போகும். புதன்கிழமை மறுபடியும் வெறும் தாள், மறுபடியும் முதலிலிருந்து.

‘ஏன்’ அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாசலில் அவள் தலை தெரிந்தாலே சின்னது காதைப் பொத்திக்கொள்ளும்.

கடைசியில் மூன்றும் பாஸ். பலகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்த கண்ணாடி இவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்தப் பலகையில் இவள் நம்பர் இல்லை. சிரித்துக்கொண்டே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், அவர்கள் படிப்பு. முப்பது வருஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இந்தத் தடவை பரீட்சைக்கு வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் “சரி, சரி” என்றார். சரி சரி என்கிற ஆளிடம் எப்படிப் படிப்பது? விட்டுவிட்டாள்.

இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏன் அதே இடம்?

ஓ.எச். தண்ணீர் மூலக்கூறாகக் கிளம்பிப் போகிறது. கார்பன் பிளஸ்ஸோடு தவிக்கிறது. பக்கத்துக் கார்பனுக்கோ சுற்றிலும் ஆதரவு அதிகம்.

சின்னது ஒரு நாள் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து காட்டியது அப்படியே கண்ணில் நின்றது. “பஸ்ல பக்கத்துலயே ஜன்னல் சீட்டு காலியா இருந்தா நீ நகர மாட்டியாக்கா? பிளஸ்ஸும் அப்படித்தான்!”

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களோடு இந்தப் பக்கம் தாவியது. பிளஸ் அந்தப் பக்கம் போனது. அங்கே போய்ப் புரோமின் சேர்ந்தது. ஒவ்வொரு அம்பாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கீழே காரணம் எழுதினாள். எழுத எழுத, அந்த மூன்று குரல்களும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தன. இந்த முறை தேறிவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது.

மணி அடித்தது.

தாளை வாங்க வந்த மேற்பார்வையாளர், அவள் வயதுக்காரி, பக்கங்களைப் புரட்டி அந்த அம்புகளில் ஒரு கணம் நின்றாள்.

“பிரமாதமா போட்டிருக்கீங்க! அந்தக் காலத்துல பாதியில விட்ட டிகிரியா?”

“அய்யோ, இல்லீங்க மேடம். அப்ப நான் எட்டாவதோட நின்னவ. பொண்ணுங்க ஹாஸ்டல்ல அவங்க லேப் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தேன்.”